யார் பாடுவது சரியான பாடம்?

ஒரே கிருதியை (கர்நாடக இசைப் பாட்டை) நான்கு வித்வான்கள் பாடக் கேட்டதாகவும், நான்கும் நான்கு வேறு பாட்டுகளாக ஒலித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதில் எது சரி, மரபைப் புதுப்பிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் அதைக் காப்பாற்றுகிறார்களா கரைக்கிறார்களா என்பது உங்கள் கேள்வி. பல ஆண்டுகளாகக் கேட்டும் கற்றும் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிற நான், என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்நாடக இசையில் ‘சரியான ஒரே பாடம்’, அதாவது பாட்டுக்குச் சரியான ஒரே வடிவம், என்று ஒன்று கிடையாது. அதற்காக எப்படி வேண்டுமானாலும் பாடலாம் என்றும் ஆகிவிடாது. பாட்டுக்குள் ஏற்கெனவே இருந்து நாம் கவனிக்காமல் விட்டதைத் திறந்து காட்டுகிற புதுமை தங்குகிறது. பாட்டைத் தொடாமல் அதைச் சுற்றியிருப்பதை மட்டும் மாற்றுகிற புதுமை, மாற்றியவரோடு போய்விடுகிறது.

முதலில் பாடம் என்பது என்ன என்று பார்க்கலாம். தியாகராஜர் (1767–1847) தம் பாட்டுகளை ஸ்வரப்படுத்தி அச்சிட்டுவிட்டுப் போகவில்லை. சீடர்கள் கேட்டார்கள், பாடினார்கள், சிலர் குறித்தும் வைத்துக்கொண்டார்கள். வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று மூன்று சீடர் பரம்பரைகளைச் சொல்வது வழக்கம். ஒரே குருவிடமிருந்து கிளம்பிய பாடங்கள்தாம். ஆனாலும் பல இடங்களில் அவை ஒத்துப்போவதில்லை. சங்கதிகளின் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வடிவங்களின்) எண்ணிக்கை மாறும், எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) மாறும், சில பாட்டுகளில் ராகமே மாறும். யாரோ தவறாக நினைவு வைத்துக்கொண்டார்கள் என்று சொல்லி இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. சீடரின் குரலுக்கும் பிடிமானத்துக்கும் ஏற்ப ஒரே பாட்டைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லிக்கொடுப்பது இன்றைக்கும் நல்ல ஆசிரியர்கள் செய்வதுதான். தியாகராஜர் மட்டும் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று எண்ண என்ன காரணம் இருக்கிறது?

தியாகராஜரின் ‘நகுமோமு’வை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ராகமான ஆபேரி என்றதும் இன்றைய ரசிகரின் காதில் விழுவது சதுஸ்ருதி தைவதம் (தைவத ஸ்வரத்தின் சற்று உயர்ந்த நிலை). முத்துசுவாமி தீட்சிதர் மரபில் ஆபேரிக்குச் சுத்த தைவதம் (அதன் தாழ்ந்த நிலை). நாம் இன்று ஆபேரி என்று பாடுவது அந்த மரபின் கர்நாடக தேவகாந்தாரி ராகத்துக்கு நெருக்கமானது. இந்தப் பாட்டு வீடுவீடாகப் போய்ச் சேர்ந்ததில் முசிறி சுப்பிரமணிய ஐயரின் இசைத்தட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்பார்கள். ஒரு ஸ்வரம் ஒரு ஸ்தானம் நகர்ந்ததில் பாட்டின் முகமே மாறிவிட்டது. சுத்த தைவதத்தில் பாடினால் அந்த முறையீட்டில் ஒரு கலக்கம் தெரியும். சதுஸ்ருதியில் அதே சொற்கள் நெகிழ்ந்து, கொஞ்சிக்கூடக் கேட்கின்றன. இரண்டையும் கேட்டவர்கள் யாரும் ஒன்றைத் தவறு என்று எளிதில் சொல்லிவிட முடியாது. பழைய பாடத்தை மீட்டுப் பாடுகிறவரிடம் “ஆபேரியைக் கெடுக்கிறாரே” என்று கோபப்படுகிற ரசிகர்களும் இருக்கிறார்கள். அவர்கள் காக்க நினைக்கும் ஆபேரிதான் இரண்டில் புதியது.

‘வாதாபி கணபதிம்’ இன்னொரு சான்று. முத்துசுவாமி தீட்சிதரின் இந்த ஹம்ஸத்வனி கிருதியில் சங்கதிகளை அடுக்கடுக்காக ஏற்றிக்கொண்டு போவது நமக்குப் பழகிய வடிவம். தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் பேரனும் தத்துப்பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர், எட்டயபுரத்திலிருந்து 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டார். அதில் உள்ள வாதாபி எளிமையானது. இந்த அடுக்குகள் அதில் இல்லை. அவற்றை மகா வைத்தியநாத ஐயரின் (1844–1893) பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அவர் காலத்தில் அது துணிச்சலான காரியமாகத்தான் பட்டிருக்கும். தீட்சிதரின் சொற்கட்டு உடையாமல், ஹம்ஸத்வனியின் ஐந்து ஸ்வரங்களை விட்டு நகராமல், ஒவ்வொரு சங்கதியும் முந்தையதிலிருந்து முளைத்து வருகிறது. அதனால்தான் அது நின்றது. இன்று அந்தச் சங்கதிகளை நீக்கிவிட்டுப் பாடினால் அதுவே புதுமையாகிவிடும்.

வித்வான்கள் ஒருவருக்கொருவர் வேறுபடுகிற இடங்களில் மிக ஆழமானது காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) என்பது என் எண்ணம். ரசிகர்கள் ராகத்தைப் பற்றிப் பேசுவார்கள், ஸ்வரம் பாடியதைப் பற்றிப் பேசுவார்கள். பாட்டை எந்த நடையில் எடுத்தார் என்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆனால் எடுத்த நொடியிலேயே பாட்டின் பாதி தீர்மானமாகிவிடுகிறது. பயிற்சிக்கும் கச்சேரித் தொடக்கத்துக்கும் பாடுகிற வர்ணம் என்ற பாட்டு வகையைக் கற்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்) தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை நிதானமாக அசைக்கிறோம். இரண்டாம் காலத்தில் அதே அசைவை இரட்டிப்பு வேகத்தில் போட முடியாது; போட்டால் நடுக்கமாகத்தான் கேட்கும். சில அசைவுகளை விட வேண்டும், சிலவற்றைச் சுருக்க வேண்டும். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் பாடுகிறவரின் ராக அறிவு தெரிகிறது. ஆகவே வேகம் கூடும்போது பாட்டு அப்படியே இருந்து சீக்கிரம் முடிகிறது என்று நினைக்கக் கூடாது. கமகங்கள் (ஸ்வரங்களின் அசைவுகள்) உதிர்ந்து ஸ்வரங்கள் நேராகின்றன, சொற்கள் நெருங்குகின்றன, தாளம் முன்னே வருகிறது. மெதுவாகும்போது சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வெளி பிறக்கிறது. அந்த வெளியை நிரப்ப வித்வானிடம் ஏதாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டு தொய்ந்துவிடும்.

இதை எம்.டி. ராமநாதனிடம் (1923–1984) கேட்டுத்தான் நான் புரிந்துகொண்டேன். டைகர் வரதாச்சாரியாரின் சீடர், கலாக்ஷேத்திராவில் இருந்தவர். மிகத் தாழ்ந்த சுருதி, கனத்த குரல். மற்றவர்கள் துள்ளலாகப் பாடுகிற கிருதிகளை அவர் பாதி வேகத்துக்கும் கீழே இறக்கிவிடுவார். முதல் முறை கேட்டபோது எனக்குப் பொறுமை இல்லை. பல்லவி முடிவதற்குள் எழுந்துபோய்விடலாம் என்று தோன்றியது. பிறகு ஒருநாள் அவர் சஹானா ராகத்தில் பாடிய ஒரே ஒரு நிறுத்தம் என்னைப் பிடித்துக்கொண்டது. சொல்லை முடிக்காமல், ஸ்வரத்தையும் விடாமல், அடுத்தது வருமா என்று கேட்பவரைக் காத்திருக்க வைக்கிற நிறுத்தம். அந்த இடைவெளியில் சஹானா முழுவதும் இருந்தது. இப்படியும் பாட இந்தப் பாட்டில் இடம் இருந்ததா என்று வியந்தேன். இடம் எப்போதும் இருந்தது. வேகமாகப் போனவர்கள் அதைக் கடந்து போய்விட்டார்கள்.

அவருக்கு நேர் எதிரே ஜி.என். பாலசுப்பிரமணியம் (1910–1965) நிற்கிறார். ஆங்கில இலக்கியம் படித்த பட்டதாரி. பிருகாக்கள் (அதிவேக ஸ்வரக் கோர்வைகள்) மின்னல் போல விழும். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தில் ராகம் எப்படி விரிந்ததோ அதைத் தன் குரலில் கொண்டுவரப் பார்த்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு, கேட்டால் அது உண்மை என்றே படும். அன்றைக்கு இளைஞர்கள் எல்லோரும் அவரைப் போலவே பாட முயன்றார்கள். பலர் பிருகாவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் அடியில் இருந்த ராகத் திட்டத்தை விட்டுவிட்டார்கள். ஒரு வித்வானின் புதுமை அடுத்த தலைமுறையில் வெறும் பழக்கமாக ஆவது இப்படித்தான். மதுரை மணி ஐயர் (1912–1968) இன்னொரு வழி. சுருதியோடு ஒட்டிய குரலில், சர்வலகுவாக (தாளத்தோடு இயல்பாக) ஓடுகிற கல்பனாஸ்வரம், அதாவது மேடையிலேயே கற்பனை செய்து பாடும் ஸ்வரங்கள். பாபநாசம் சிவனின் மோகன ‘காபாலி’யில் அவர் பாடும் ஸ்வரங்களில் கணக்கு தலைகாட்டாது, நடந்துபோகிறவன் தன் காலடியை எண்ணாததைப் போல. செம்மங்குடி சீனிவாச ஐயர் (1908–2003) சுலபமாக வளையாத குரலை உழைத்து வளைத்தார். அந்த உழைப்பின் அழுத்தமே அவருடைய பாணியாகிவிட்டது.

இந்த நால்வரும் ஏறத்தாழ ஒரே தலைமுறைக் காற்றைச் சுவாசித்தவர்கள், பாடிய கிருதிகளும் பெரும்பாலும் பொதுவானவை. அவர்களைப் பிரித்தது கொள்கை என்பதைவிட உடம்பு என்றே சொல்வேன். குரல் எந்த இடத்தில் இணங்குகிறது, எந்த இடத்தில் மறுக்கிறது என்பதை நேர்மையாக ஒப்புக்கொண்டு, அந்தக் குரலின் வழியே பாட்டை மறுபடி வாசித்தார்கள். “சொந்தப் பாணி எப்படி உருவாக்குவது?” என்று கேட்கும் மாணவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: உன் குரல் எதைச் செய்ய மறுக்கிறது என்று முதலில் கண்டுபிடி.

நிரவலைப் (பாட்டின் ஒரு வரியை எடுத்துப் பல விதமாக விரித்துப் பாடுவதைப்) பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு வித்வான் சாகித்தியத்தை (பாட்டின் சொற்களை)ப் படித்திருக்கிறாரா என்பது அங்கேதான் வெளிச்சமாகும். கரகரப்பிரியாவில் ‘சக்கனி ராஜ’ பாடும்போது வழக்கமாக நிரவலுக்கு எடுப்பது ‘கண்டிகி சுந்தர தரமகு ரூபமே’ என்ற வரி. கண்ணுக்கு மிக அழகான உருவம் என்பது பொருள். சிலர் அந்தச் சொற்களை ஸ்வரங்களைத் தொங்கவிடும் கொக்கிகளாக மட்டுமே பயன்படுத்துகிறார்கள். ‘சுந்தர’ ஓரிடத்திலும் ‘தரமகு’ வேறிடத்திலும் சிதறிக் கிடக்கும். முசிறி போன்றவர்கள் விளம்பத்தில் (மெதுவான நடையில்) நிரவல் செய்ததைக் கேட்டால் வரி வரியாகவே இருக்கும், பொருள் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டே போகும். தெலுங்கு தெரியாதவர்கூட அதை உணர முடியும்.

தனம்மாள் குடும்பத்தை விட்டுவிட்டு இந்தப் பதிலை எழுத என்னால் முடியாது. வீணை தனம்மாளின் (1867–1938) பேத்தியான டி. பிருந்தா, க்ஷேத்திரக்ஞரின் பதங்களை (மெதுவான காதல் பாட்டுகளை)த் தன் வீட்டில் வந்த வடிவத்திலேயே பாடினார். ஓங்கிக் குரல் எழுப்புவது கிடையாது, கைதட்டலுக்காக எதையும் நீட்டுவது கிடையாது. கமகங்கள் ஒன்றுக்குள் ஒன்று மடிந்திருக்கும். மாற்றாமல் அப்படியே பாடுகிறவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு அந்த வார்த்தை போதாது. மூன்றாம் முறை பல்லவிக்குத் திரும்பும்போது அதே சங்கதிதான் வரும், ஆனால் ஒரு ஸ்வரத்தின் மேல் இருந்த கனம் அடுத்த ஸ்வரத்துக்கு நகர்ந்திருக்கும். பாட்டைப் புதுப்பிக்க அதை மாற்றியே ஆக வேண்டும் என்று எண்ணுகிறவர்கள் பிருந்தா பாடிய ஒரு பதத்தையாவது பொறுமையாகக் கேட்க வேண்டும். எத்தனையோ முன்னணி வித்வான்கள் பதம் கற்க அந்த வீட்டுப் பாடத்தைத் தேடிப்போனது சும்மா இல்லை.

வாத்தியங்களில் நடந்த மாற்றங்கள் கண்ணுக்குத் தெரிவதால் சண்டையும் அங்கே அதிகம். வயலினே வெளியிலிருந்து வந்து, பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் நம் இசைக்குள் நுழைந்த வாத்தியம் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். லால்குடி ஜெயராமன் (1930–2013) அதில் சாகித்தியத்தையே வாசித்தார். சொல் எங்கே பிரிகிறதோ அங்கே வில்லும் திரும்பும். பாட்டின் சொற்கள் தெரிந்தவர் கேட்டால் சொற்களே காதில் விழும். யு. ஸ்ரீனிவாஸ் (1969–2014) சிறுவனாக மின்சார மாண்டலினோடு மேடையேறியபோது கமகம் வராத வாத்தியத்தில் கர்நாடக இசையா என்று கேட்டவர்கள் உண்டு. மாண்டலினில் தந்திகள் ஜோடி ஜோடியாக இருக்கும். இழுத்து வாசிக்க அது தடை. அவர் வாசித்தது ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மாண்டலின். வாத்தியத்துக்காக ராகத்தைச் சுருக்கிக்கொள்ளாமல் ராகத்துக்காக வாத்தியத்தை மாற்றினார். நான் முதலில் சொன்ன ‘உள்ளே போகிற புதுமை’க்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

பாலமுரளி கிருஷ்ணாவைப் (1930–2016) பற்றி இரு பக்கமும் சூடாகவே பேசுவார்கள். 72 மேளங்களிலும் (தாய் ராகங்களிலும்) பாட்டு இயற்றியவர். லவங்கி, மகதி என்று நான்கே ஸ்வரங்கள் கொண்ட ராகங்களைப் பாடினார். அவற்றை ராகங்களாக ஏற்க முடியாது என்று கடுமையாக வாதாடியவர் வீணை எஸ். பாலசந்தர். குரு என்று ஒருவரிடம் அமர்ந்து கற்காமல், வீணைத் தண்டிலுள்ள ஒரே மெட்டில் (கட்டையில்) தந்தியை இழுத்துப் பல ஸ்வரங்களை வாசித்து, வீணையின் ஒலியையே மாற்றியவர் அவர். தன் வாத்தியத்தில் அவ்வளவு துணிந்தவர், ராகம் என்ற எல்லையில் இம்மியும் அசைய மறுத்தார். ஒவ்வொருவருக்கும் அசைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. அது எங்கே என்பதில்தான் பெரியவர்களுக்குள்ளும் பிணக்கு. என் கருத்தைக் கேட்டால், நான்கு ஸ்வரங்களில் ராகம் அமையலாம், ஆனால் நீண்ட ஆலாபனை (சொற்களில்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) தாங்காது. பாலமுரளியின் உண்மையான கொடை அந்த ராகங்களைவிட, மூன்று ஸ்தாயியிலும் உரசாமல் போய்வந்த குரலில் பழைய கிருதிகளுக்கு அவர் கொடுத்த ஒளியில்தான் இருக்கிறது.

கச்சேரியின் அமைப்பைப் பற்றிய சர்ச்சையை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வர்ணத்தில் தொடங்கி, சில கிருதிகள் பாடி, ஒன்றை விரித்து, தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிப்பது), பிறகு துக்கடாக்கள் (சின்னப் பாட்டுகள்) என்று போகிற வரிசையை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). இருபதாம் நூற்றாண்டில் வந்த வழக்கம் அது. திருப்பாவையின் 30 பாசுரங்களுக்கும் இன்று பலர் பாடுகிற மெட்டுகளைத் தந்தவரும் அவரே. ‘மார்கழித் திங்கள்’ நாட்டை ராகத்தில் ஒலிக்கும்போது ஆண்டாள் காலத்து ஒலி என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறோம். அந்த மெட்டு நம் தாத்தா பாட்டி காலத்தது. அரியக்குடி செய்தது மரபென்றால், இன்றைய பாடகர் டி.எம். கிருஷ்ணா வர்ணத்தைக் கச்சேரியின் நடுவே வைத்து விரித்ததையும், ஆலாபனை செய்துவிட்டுக் கிருதி பாடாமல் நிறுத்தியதையும் மரபுக்கு வெளியே தள்ள எனக்கு வழியில்லை. வர்ணத்துக்குக் கிடைக்க வேண்டிய இடம் அவரால் மீண்டும் கிடைத்தது. பாட்டில்லாமல் நின்ற ஆலாபனை மட்டும் எனக்கு நிறைவு தரவில்லை. ராகம் எதையோ தேடிவிட்டுக் கையை விரித்தாற்போல இருந்தது. சஞ்சய் சுப்ரமண்யன் தமிழ்ப் பாட்டுகளைத் துக்கடாப் பகுதியிலிருந்து கச்சேரியின் மையத்துக்கு எடுத்து வந்தார். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் உருவான காலத்தில் மேடையில் தமிழ்ப் பாட்டுக்கும் இடம் வேண்டும் என்று உரிமைக் குரலாக எழுந்த ஒன்று, அவர் பாடும்போது வாதம் தேவைப்படாத இசையாக ஆகிவிட்டது. ஒரு தமிழ்ப் பாட்டில் நிரவல் செய்யும்போது கேட்பவர் முகங்கள் மலர்வதைப் பார்த்தாலே போதும்.

பின்னோக்கிப் போவதும் புதுப்பித்தலின் ஒரு வழி. சுப்பராம தீட்சிதரின் நூலில் உள்ள கமகக் குறிகளை எழுத்துக்கு எழுத்து படித்து, அதில் உள்ளபடியே பாடிப்பார்க்கும் முயற்சியில் டி.எம். கிருஷ்ணா உட்படச் சிலர் இறங்கியிருக்கிறார்கள். பழகிய ராகங்கள் அங்கே வேறு முகம் காட்டுகின்றன. சில பிரயோகங்கள் நாம் இன்று ‘தவறு’ என்று திருத்துபவை. ஐரோப்பியச் செவ்வியல் இசையிலும் இது நடந்திருக்கிறது. நிகோலாஸ் ஹார்னன்கூர் 1953-இல் வியன்னாவில் ஒரு குழுவைத் தொடங்கி, பழைய இசையை அந்தக் காலத்து வாத்தியங்களிலேயே வாசித்தார். பழையதைத் தேடிப்போனவரின் இசைதான் அன்றைய காதுகளுக்குப் புத்தம் புதிதாகக் கேட்டது. ஒவ்வொரு ஸ்வரமும் எழுதிவைக்கப்பட்ட அந்த மரபில்கூட, பியானோ வித்வான் கிளென் கூல்ட், இசையமைப்பாளர் பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை 1955-இல் சுமார் 38 நிமிடங்களிலும் 1981-இல் சுமார் 51 நிமிடங்களிலும் வாசித்துப் பதிவு செய்தார். சில பகுதிகளை இரண்டாம் முறை வாசித்தது அதற்கு ஒரு காரணம்தான் என்றாலும், நடையே வேறு. அதே இசைக்குறிப்புத் தாள், அதே மனிதர். எழுதாமல் வாய்வழி வந்த நம் பாட்டுகள் மாறுவதில் வியப்பு என்ன?

நீங்கள் கேட்ட ‘எது சரி’ என்பதற்கு உங்கள் காதே பதில் சொல்ல ஒரு வழி தருகிறேன். ஹிந்தோளம் ராகத்தில் தியாகராஜரின் ‘சாமஜ வர கமனா’வை எடுத்துக்கொள்ளுங்கள். ராமநாதன் பாடியது பதிவில் கிடைக்கிறது. அதோடு விறுவிறுப்பாகப் பாடிய வேறு இருவரின் பதிவுகளையும் வைத்துக்கொண்டு ஒரே நாளில் மூன்றையும் கேளுங்கள். முதல் சுற்றில் ராகத்தையும் சங்கதிகளையும் கவனிக்க வேண்டாம். ஒவ்வொருவரும் எந்தச் சொல்லுக்குப் பின் மூச்சு வாங்குகிறார் என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் சுற்றில் சரணத்துக்கு வாருங்கள். ‘வேதசிரோ மாத்ருஜ சப்த ஸ்வர நாதாசல தீப’ என்று, வேதத்தில் பிறந்த ஏழு ஸ்வரங்களைப் பற்றித் தியாகராஜர் பாடுகிறார். பாடுகிற ராகத்தில் இருப்பதோ ஐந்தே ஸ்வரங்கள். ‘சப்த ஸ்வர’ என்ற இடத்தில் மூவரும் என்ன செய்கிறார்கள், யார் அந்தச் சொல்லில் தங்குகிறார், யார் தாண்டிப் போகிறார் என்று கேளுங்கள். பிறகு ராமநாதனிடம் திரும்பி வந்து, ‘தீப’வை அவர் எப்படி முடிக்கிறார் என்று கேளுங்கள்.